கல்யாணத்துக்காக நிறுத்திய மாத்திரை

மகனே,

இதற்கு முன்னால் அன்பாக ஒரு சொல் சேர்த்து எழுதுவார்கள். எனக்கு இன்றைக்கு மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். நீ ராணிப்பேட்டையில் உன் தோஸ்த் அறையில் போய் உட்கார்ந்துகொண்டு என் போனை எடுக்காமல் இருக்கிறாய். அப்பா கூப்பிட்டால் மட்டும் எடுத்து, "அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். பேசினால்தானே வைப்பாய், எழுதினால் என்ன செய்வாய் என்று பார்க்கிறேன். இதை நான் ரகசியமாக எழுதவும் இல்லை. யார் கேட்டாலும் படிக்கக் கொடுப்பேன். உனக்கு டிபி வந்திருக்கிறது. ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மாத்திரையைக் கல்யாணத்தைக் காரணம் காட்டிப் பாதியில் நிறுத்திவிட்டாய். உன்னைக் கட்டிக்கொண்டு ஒரே அறையில் படுக்கப்போகிற பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆம்பூரில் இந்த வேலையைச் செய்கிற முதல் ஆள் நீ இல்லை என்பதால் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இப்படி வெளிப்படையாக எழுதுகிறேன்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று அன்றைக்கு நீ கத்தினாய். உன்னால்தான் தெரிந்தது. காலையில் நீ குளியலறையிலிருந்து வந்த பிறகு நான் உள்ளே போனால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் கிடக்கிறது. ரத்தமோ என்று பதறிப்போய் உன்னைக் கேட்டேன். "பீட்ரூட் ஜூஸ் குடிச்சேம்மா" என்றாய். பிறந்ததிலிருந்து தட்டில் பீட்ரூட் விழுந்தாலே ஓரமாக ஒதுக்குகிறவன் நீ. கல்யாணம் நெருங்குகிறது, முகம் பளபளப்பாக வேண்டும் என்று குடிக்கிறான் போலிருக்கிறது என்று நானும் நம்பித் தொலைத்தேன். மறுநாள் மார்க்கெட்டில் பீட்ரூட் வாங்கி வந்தேன் பார், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சலாக வருகிறது. அப்புறம் ஒரு மழை நாளில் ரெயின்கோட் தேடி உன் வண்டிப் பெட்டியைத் திறந்தேன். மாத்திரை அட்டைகள் இருந்தன. மேல் அட்டையில் பாதி காலி, மற்றதெல்லாம் பிரிக்கவே இல்லை. அதை எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரி மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் போனேன். அங்கிருந்த பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு? ஏன் இவ்ளோ மீதி இருக்கு?" என்று கேட்டாள். இரண்டாவது கேள்வியைக் கேட்கும்போது அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். இது டிபி மாத்திரை, சிறுநீர் ஆரஞ்சாகப் போவது இதனால்தான் என்று அவள்தான் சொன்னாள்.

அன்று மாலை நீ வந்ததும் அட்டையை மேசைமேல் வைத்தேன். நீ மறைக்கக்கூட முயலவில்லை. "இருமல் நின்னு போச்சிம்மா. வெயிட் ஏறிட்டேன். இன்னும் இன்னாத்துக்கு அத்த முழுங்கிட்டு இருக்கணும்?" என்றாய். வாந்தி வருகிறது, முகமெல்லாம் கட்டி கட்டியாக வருகிறது, ஏலகிரியில் போட்டோ எடுக்கப் போகும்போது மூஞ்சி இப்படி இருந்தால் ஆல்பம் முழுக்கப் பாழ் என்று காரணம் அடுக்கினாய். ஏரிக்கரையில் நீயும் அவளும் கைகோத்து நடக்கிற அந்த வீடியோவை நீதானே எல்லாருக்கும் அனுப்பினாய். அதற்காக நெஞ்சுக்குள் இருக்கிற கிருமியைப் பாதியில் விட்டிருக்கிறாய். வாந்தி வந்தால் டாக்டரிடம் போய்ச் சொன்னால் அதற்கு வழி சொல்லியிருப்பார். நீ சொல்லவில்லை. பாதியில் விட்டால் மறுபடி வரும், வருகிறபோது பழைய மருந்துக்கு அது அடங்காமல் போகலாம், அப்புறம் எத்தனை காலம் என்னென்ன மருந்து என்று யாருக்கும் தெரியாது. இதை நான் ஆஸ்பத்திரியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உனக்கு யாரும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, நீ இதையெல்லாம் மைக்கில் பேசிச் சம்பளம் வாங்குகிறவன். உன் அப்பா நடுவில் புகுந்து, "கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம். இப்போ போய் இத்த பேஜார் பண்ணிக்கினு" என்றார். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய்.

உன் வேலையைப் பற்றிப் பேசுவோம். தோல் பதனிடுகிற டேனரியில் வெல்ஃபேர் ஆபீஸர் என்று சட்டையில் பட்டை மாட்டிக்கொண்டு போகிறாய். தொழிலாளிகளின் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள். ஆயுத பூஜை அன்று குடும்பத்தோடு கூப்பிட்டார்கள் என்று வந்தேன். வாசலில் பெரிய பேனர். அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள், எல்லார் கையிலும் ஆப்பிள், எல்லார் வாயிலும் சிரிப்பு. அதில் ஒரு முகமும் இந்தப் பக்கத்து முகம் இல்லை. கை கழுவுங்கள், உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள், வியாதி வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் என்று கீழே எழுதியிருந்தது. அந்தப் பேனரைத் தாண்டி உள்ளே போனால் பஃபிங் அறை. தோலின் பின்பக்கத்தை உப்புத்தாள் சுற்றிய உருளையில் கொடுத்து வழவழப்பாகத் தேய்க்கிற இடம். அன்றைக்கு மெஷினுக்குச் சந்தனமும் பூவும் வைத்து நிறுத்தியிருந்தார்கள். அப்படியும் அறை முழுக்க மாவு கொட்டியது போலத் தூசி. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. ஏன் என்று கேட்டேன். பக்கத்து அறையில் கலர் அடித்துக் காயப்போட்ட தோல்மேல் தூசி பறந்து விழுந்துவிடுமாம், அதனால் திறக்கக்கூடாதாம். தூசி இழுக்கிற ஃபேனுக்கு பெல்ட் அறுந்து கிடந்தது. தோல்மேல் விழக்கூடாது, ஆள்மேல் விழலாம். இதில் எவன் எத்தனை உப்பைக் குறைத்து என்ன ஆகப்போகிறது என்று நீ ஒரு நாளாவது உன் முதலாளியைக் கேட்டிருக்கிறாயா?

நீ செய்தது வெல்லம் கொடுத்தது. வேலை முடிகிற நேரத்தில் பஃபிங் ஆட்களுக்கு ஆளுக்கொரு வெல்லக்கட்டி. தொண்டையில் இருக்கிற தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று இந்த ஊரில் எல்லாரும் சொல்வார்கள். நானும் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்த காலத்தில் வாயில் போட்டுக்கொண்டவள்தான். வாய்க்கு இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த வெல்லத்தால் ஒரு காரியம் நடந்துபோயிற்று. இருமுகிறவனெல்லாம் அதைத் தூசி இருமல் என்று சொல்லிக்கொண்டான். பக்கத்தில் நிற்பவன் இருமினாலும் தூசி, வீட்டில் போய் ராத்திரி முழுக்க இருமினாலும் தூசி, சளியில் சிவப்பு தெரிந்தாலும் தோலுக்கு அடிக்கிற கலர். வெல்லம் கொடுத்தாகிவிட்டது என்று கம்பெனிக்கும் மனம் ஆறிவிட்டது. மூடின அறையில் ஒருவன் மூச்சு இன்னொருவனுக்குப் போகிற இடத்தில் ஒருவனுக்கு டிபி இருந்தால் எத்தனை பேருக்குப் போகும் என்று படித்த நீயும் யோசிக்கவில்லை.

அப்புறம் எக்ஸ்ரே வேன் வந்தது. உங்கள் கம்பெனி வாசலிலேயே நிறுத்தி எல்லாருக்கும் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். வியாதியை முற்றுவதற்கு முன்னால் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி கிடையாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீ வரிசையை ஒழுங்குபடுத்தினாய், டீ ஏற்பாடு செய்தாய், வேன்மேல் சாய்ந்து நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டாய். உன் நெஞ்சை மட்டும் படம் எடுக்கவில்லை. ஆபீஸர் எதற்கு வரிசையில் நிற்பது என்று இருந்திருப்பாய். பஃபிங் மெஷின் ஓட்டுகிற அன்வர் பாய்க்கு டிபி இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்டுபிடித்தது நல்ல காரியம். அதற்கு மறுநாள் நீ செய்ததை நீயே வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னாய். காலையில் வேலை ஆரம்பிக்கும் முன் எல்லாரையும் நிற்க வைத்து மைக்கைப் பிடித்து, அன்வர் பாய்க்கு டிபி, அவரோடு வேலை செய்தவர்கள் ஜாக்கிரதை, சரியாகும்வரை அவர் கம்பெனிக்குள் வரக்கூடாது என்று அறிவித்தாய். "ஜாஸ்தி பேருக்குப் பரவாம தடுத்துட்டேம்மா" என்றாய். மருந்து ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் டாக்டரே வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார் என்று அவர் சீட்டோடு வந்து கேட்டில் நின்றபோதும் நீ உள்ளே விடவில்லை. அடுத்த முறை வேன் வந்தபோது வரிசையில் யாரும் இல்லை என்று இந்த ஜனங்களைத் திட்டினாய். விழிப்புணர்வு கம்மி என்றாய். அவர்களுக்கு விழிப்புணர்வு நிறையவே இருந்தது, மகனே. நெஞ்சுப் படம் எடுத்தால் வேலை போகும் என்பது அவர்களுக்கு நன்றாக விளங்கியிருந்தது.

உனக்கும் அதுதான் விளங்கியிருந்தது. இருமல் ஆரம்பித்தபோது தூசி என்றாய். நான் சுக்கும் வெல்லமும் தட்டிக் கொடுத்தேன், நீ வாங்கித் தின்றாய். அது அடங்கவில்லை என்றதும் யாருக்கும் தெரியாமல் வேலூர் போய்த் தனியார் டாக்டரைப் பார்த்தாய். ஆம்பூரில் தெரிந்த முகம் எதுவும் உன்னைப் பார்த்துவிடக் கூடாது. அங்கே அவர் சொன்னதையும் பாதிதான் செய்தாய். வீட்டில் இருப்பவர்களைப் பரிசோதனைக்கு அழைத்து வரச் சொல்லியிருப்பார். ஒரே ஹாலில் ஒரே ஃபேனுக்குக் கீழே படுக்கிற எங்களிடம் நீ வாயைத் திறக்கவில்லை. மாத்திரை அட்டையை நான் கண்டுபிடித்த பிறகு நாங்களாகப் போய்ப் பார்த்துக்கொண்டோம். இப்போதைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் வியாதி இல்லை. வராமல் இருக்கத் தடுப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உன் அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டாவது விழுங்குகிறார். வியாதி இல்லாத கிழடுகள் மாத்திரை சாப்பிடுகிறோம், வியாதி இருக்கிற நீ போட்டோவுக்காக நிறுத்தியிருக்கிறாய்.

நான் அன்வர் பாய் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. அவர் மாத்திரை முழுவதும் முடித்துவிட்டார், குணமாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன், அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்போல இருந்தது. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லவில்லை. "இன்னாம்மா, உங்க புள்ள அனுப்புனாரா?" என்றார். இல்லை என்றேன். "வியாதி வந்துச்சி, போச்சி. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. அவரு மைக்ல சொன்னாரே, அதான் இன்னும் போவல. பொண்ணு கேட்டு வந்தவங்க தெருமுனையோட திரும்பிட்டாங்க." அப்போதும் அவர் மகள் உள்ளேதான் இருந்தாள், பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்டது. உனக்கும் அதே வியாதி என்று அவரிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவர் சந்தோஷப்படுவாரோ என்று பயந்தேன், சந்தோஷப்பட்டால் அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் சொல்லவில்லை. அவரும் கதவைச் சாத்திக்கொண்டார்.

அங்கிருந்து வந்த பிறகுதான் முடிவு செய்தேன். கணியம்பாடிக்கு, சுகன்யா வீட்டுக்கு பஸ் ஏறினேன். உன் அப்பா வரமாட்டேன் என்றார், வர வேண்டாம் என்றேன். சுகன்யா அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்திருந்தாள், விரலில் சாக்பீஸ் தூள் இருந்தது. கல்யாணப் புடவை பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்து அவள் அம்மா பாயை விரித்தாள். நான் நின்றபடியே சொன்னேன். டிபி வந்தது, மாத்திரை சாப்பிட்டான், நிறுத்திவிட்டான், உங்களிடம் மறைத்தான், இத்தனை நாள் எனக்கும் தெரியாது. அவள் அப்பா கத்த ஆரம்பித்தார். எங்களை ஏமாற்றுக்காரக் குடும்பம் என்றார், கேட்டுக்கொண்டேன். சுகன்யா அவரைக் கொஞ்ச நேரம் கத்த விட்டாள். பிறகு என்னிடம் மட்டும் பேசினாள். "ஏலகிரில அன்னிக்கி அவரு இருமுனாரு, அத்தை. என் பாட்டில்ல இருந்து தண்ணி குடுத்தேன். குடிச்சிட்டு, கம்பெனி தூசின்னு சொன்னாரு. யோசிக்கவே இல்ல, டக்குனு சொன்னாரு. எனக்கு டிபின்னா பயம் கம்மிதான். எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சருக்கு வந்து சரியாயிடுச்சி. அந்த டக்குனு வந்த பதில்தான் பயமா இருக்கு." விரலில் இருந்த தூளைத் துடைத்துக்கொண்டாள். "மாத்திரைய முழுசா முடிச்சிட்டு அவரே வந்து என்னை கேக்கட்டும். சரின்னு சொல்வேனான்னு இப்போ சொல்ல முடியாது" என்றாள். அடுத்த நாளே போய்ப் பரிசோதனை செய்துகொண்டதாக அவளே எனக்குப் போனில் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்.

உனக்கு இதெல்லாம் அவமானமாக இருக்கும். இருக்கட்டும். நீ ஊருக்குச் சொன்ன பாடத்தில் ஒரு சொல்லும் தப்பில்லை. வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வந்தால் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தால் கடைசிவரை மருந்து சாப்பிட்டு மற்றவர்களுக்குப் போகாமல் நிறுத்த வேண்டும். ஆனால் கண்டுபிடிக்கப்பட்டவனைத் தெருவில் நிறுத்தினால் அடுத்தவன் வந்து நெஞ்சைக் காட்டமாட்டான், ஒளிந்துகொள்வான். அப்படி ஒளிந்தவர்களில் நீயும் ஒருவன். அதனால்தான் உன்மேல் கோபம் வருகிறபோதெல்லாம் கூடவே பாவமாகவும் இருக்கிறது. பாவமாக இருப்பதால் கோபம் இன்னும் ஏறுகிறது. உனக்கு நான் சமைத்துப் போட்ட உடம்பு அது. அதை ஒரு ஆல்பத்துக்காக நீ இப்படி வைத்திருக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று, இதை நீ வேறு யார் சொல்லியும் தெரிந்துகொள்ளக் கூடாது. நேற்று மண்டபத்துக்குப் போய்த் தேதியை ரத்து செய்துவிட்டேன். கிளம்பும்போது உன் அப்பா, சொந்தத்தில் ஒரு சாவு என்று சொல்லிவிடு என்றார். அப்படித்தான் சொல்வதாக இருந்தேன். மண்டப ஆபீஸில் முகூர்த்தத் தேதி கேட்டு இரண்டு மூன்று குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. மேனேஜர் பேனாவை எடுத்துக்கொண்டே, "இன்னாம்மா ஆச்சி, பொண்ணு பக்கம் ஏதாச்சும் பிரச்சனையா?" என்றார். உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் காதைத் தீட்டினார்கள். நான் சாவு என்று சொன்னாலும் அவர்கள் நம்பப்போவதில்லை, இன்னும் கொஞ்ச நாளில் சுகன்யாவைப் பற்றி ஒரு கதை கட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "பொண்ணுமேல ஒரு குத்தமும் இல்ல. என் புள்ளைக்கு டிபி. மாத்திரை சாப்புட்டுனு இருக்கான்." ஒரு பெண் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் வேறு பக்கம் பார்த்தாள். உன்னைக் கேட்காமல் நாலு பேர் முன்னால் சொன்னது நியாயமா என்று நீ கேட்கலாம். நியாயமில்லைதான். அன்வர் பாய்க்கு நீ என்ன செய்தாய் என்று இனி உனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதைப் படமெடுத்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்பிவிடுகிறேன். நாளைக் காலை எதுவும் சாப்பிடாமல் அரசு ஆஸ்பத்திரிக்கு வா. இடையில் நிறுத்தியதால் மறுபடி சளி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்து கொடுப்பார்களாம். ஓ.பி. சீட்டு வாங்குகிற வரிசையில் நான் முன்னாடியே நின்றுகொண்டிருப்பேன். மண்டபத்தில் உன்னைப் பற்றி நான் இரண்டு விஷயம் சொன்னேன். உனக்கு டிபி என்றது உண்மை. மாத்திரை சாப்பிடுகிறாய் என்றது பொய். அந்தப் பொய்யை நான் உனக்காகச் சொன்னேன், அதை உண்மையாக்க என்னால் முடியாது.

உன் அம்மா